மறுபக்கம் உள்ள காகிதங்கள்

எங்கள் ஜெய்ப்பூர் வீட்டின் கூடத்தில், வெயில் நேராகப் படாத சுவரொன்றில், 20 சென்டிமீட்டர் அகலமும் 25 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட ஒரு காகிதப் படைப்பு சட்டமிட்டுத் தொங்குகிறது. தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு அது ஏதோ பழைய அரண்மனைக் கதவிலிருந்து பெயர்த்தெடுத்த பலகைத் துண்டு போலத் தோன்றும். நெருங்கினால், உரிந்த வண்ணத்துக்கு அடியில் இன்னொரு வண்ணம், அதற்கும் அடியில் ஒரு கடிதத்தின் வரிகள், ஓரத்தில் நரம்பு மட்டும் எஞ்சிய அரசிலை, அதன் அருகே ஒரு சிறிய பித்தளைச் சாவி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகப் புலப்படும். வீட்டுக்கு வருவோரில் பெரும்பாலோர் கேட்கும் முதற்கேள்வி, இதை எந்தப் பழம்பொருள் கடையில் வாங்கினீர்கள் என்பதே. அது நாங்கள் எங்கள் உணவு மேசைமீது செய்தது. அதில் உள்ள சாவியைத் தவிர வேறெதற்கும் ஐந்து வயதுகூட ஆகவில்லை என்றால் நம்பமாட்டார்கள்.

கலப்பு ஊடகக் காகிதக் கலை என்று இதற்குப் பெயர். காகிதம், துணி, சாந்து, வண்ணம், இலை, உலோகத் துண்டு எனப் பல பொருள்களை அடுக்கடுக்காக ஏற்றி, சில அடுக்குகளை மறைத்து, சிலவற்றைச் சுரண்டி வெளிக்கொணர்ந்து, காலம் செய்யும் வேலையைக் கை செய்வது. பணி ஓய்வுக்குப் பின் இதில் இறங்கியவர்கள் நாங்கள். கணவரும் மனைவியுமாக இந்த மேசைமீது செலவிட்ட மாலைகள் பல. செய்முறையை வாசகர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை. ஆனால் செய்முறைக்கு முன் எங்கள் முதல் முயற்சியில் நேர்ந்த பிழையைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நேர்மையாகாது.

முதல் பலகை

1961இல் வேலை நிமித்தம் ஜெய்ப்பூர் வந்தவர் எங்கள் தந்தையார். அவர் மறைவுக்குப் பின் அவருடைய டிரங்குப் பெட்டி எங்களிடம் வந்தது. ஊரிலிருந்து வந்த கடிதங்கள், தந்திகள், ரூபாய் அணா பைசா எனக் கட்டம் போட்ட பழைய பாஸ்புத்தகம், திருமண அழைப்பிதழ்கள், மளிகைக் கணக்கு நோட்டு என அவர் எதையும் எறிந்ததில்லை. பழைய தோற்றமுள்ள படைப்புக்குப் பழைய காகிதத்தைவிடச் சிறந்தது எது என்று நாங்கள் எண்ணியதில் வியப்பில்லை. தாத்தா 1967இல் எழுதிய நீல நிற இன்லேண்டு கடிதம் ஒன்றை எடுத்து விரித்தோம். எழுத்து அழகாக இருந்த உட்பக்கம் மேலே தெரியும்படி, தடித்த பைண்டிங் அட்டையில் வெள்ளைப் பசை தடவி ஒட்டினோம். சுற்றிலும் லேஸ், பொத்தான், தங்க வண்ணம். பார்த்தவர் யாவரும் பாராட்டினர்.

அடுத்த தீபாவளிக்கு அத்தை வந்திருந்தார். தந்தையாரின் தங்கை, அப்போது எழுபதைத் தாண்டியவர். பலகையின் முன் நெடுநேரம் நின்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பின்பக்க மடிப்பில அம்மா எழுதினது எங்கே?"

இன்லேண்டு கடிதத்தில், மடித்தால் உள்ளே போய்விடும் சிறு பகுதியொன்று முகவரிப் பக்கத்திலேயே இருப்பது பழகியவர்களுக்குத் தெரியும். எங்கள் பாட்டி பள்ளிக்கூடம் போனவர் அல்லர். ஐம்பது வயதுக்கு மேல், மகளிடம், அதாவது இந்த அத்தையிடம், எழுத்துக் கூட்டிப் படித்து எழுதக் கற்றவர். அவர் தம் கையால் முதன்முதல் எழுதிய இரண்டு வரிகள் அந்த மடிப்பில் இருந்தனவாம். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து எழுதவைத்தாராம். நாங்கள் அந்தப் பக்கத்தின் மேல்தான் பசை தடவியிருந்தோம். தடவும்போது பார்த்தோமா என்று கேட்டால், பார்த்தோம். கோணல்மாணலான ஏதோ கிறுக்கல் என்று நினைத்தோம்.

மைதாப் பசையால் ஒட்டியிருந்தால் ஈரம் காட்டிப் பிரிக்க ஓரளவு வழியிருந்திருக்கும். வெள்ளைப் பசை காய்ந்தபின் தண்ணீரில் கரைவதில்லை. மேலும், அந்நாளைய ஊற்றுப்பேனா மைகளில் பல, ஈரம் பட்டவுடன் பரவிவிடக்கூடியவை. எனவே முன்பக்கத்தைத் தொடாமல், அட்டையின் பின்புறத்திலிருந்து கத்தியால் தோல் தோலாக உரித்துக்கொண்டே வந்தோம். நான்கு மாலைகள் பிடித்தன. இறுதியில் பசைப் படலம் வெளிப்பட்டது. வெள்ளைப் பசை காய்ந்தால் கண்ணாடிபோல் தெளிவாகும் என்பதே எங்களுக்குக் கிடைத்த ஒரே நற்பேறு. அந்தப் படலத்தின் வழியே ஒரு சொல்லும் இன்னொரு சொல்லின் பாதியும் தெரிந்தன. எஞ்சிய பகுதி அட்டையோடு கிழிந்து போயிற்று.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் நிலைத்தது. அசல் காகிதம் எதுவும் கத்தரிக்கோலின் அருகே வருவதில்லை. நகல்தான் பலகையில் ஏறும். அசல் பெட்டிக்குத் திரும்பும்.

பெட்டியைப் பிரிக்கும் வேலை

இப்பத்திரிகையைப் படிப்போர் வங்கி வாடிக்கையாளர்கள் என்பதால் இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்லத் தோன்றுகிறது. அதே பெட்டியில் 1996ஆம் ஆண்டுத் தேதியிட்ட ஒரு வைப்பு ரசீது இருந்தது. போலியைத் தடுப்பதற்காக அதன் விளிம்பில் அச்சிட்டிருந்த நுண்ணிய பின்னற்கோடுகள், கோலத்துக்கு நிகரானவை. "இது விளிம்புக்கு ஆகும்" என்று எங்களில் ஒருவர் அதை வெட்டவேண்டிய குவியலில் வைத்தும்விட்டார். அத்தையின் கேள்விக்குப் பின் எல்லாவற்றையும் மறுபடி புரட்டியபோதுதான், அது பணம் பெற்றுக்கொண்டு திருப்பிக் கொடுத்த ரசீது அன்று, பணம் இன்னும் பெறாத ரசீது என்பது விளங்கிற்று. பெற்றுக்கொண்டிருந்தால் அசல் ரசீது வங்கியிடம் போயிருக்குமே.

பத்து ஆண்டுகள் உரிமை கோரப்படாத வைப்புத்தொகையை வங்கிகள் ரிசர்வ் வங்கி நடத்தும் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றிவிடுகின்றன. 2014இல் ஏற்பட்ட நிதி அது. அங்கே போனதால் பணம் போயிற்று என்று பொருளன்று. வைப்பாளரோ வாரிசுகளோ எப்போது வேண்டுமானாலும் தம் வங்கியை அணுகிக் கேட்டுப் பெறலாம். வட்டியுள்ள கணக்காயின் ரிசர்வ் வங்கி குறிப்பிடும் வீதத்தில் வட்டியும் உண்டு. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய 'உத்கம்' என்னும் இணையத்தளத்தில், பல வங்கிகளில் இவ்வாறு உறங்கும் தொகைகளைப் பெயரைக் கொண்டு ஒரே இடத்தில் தேடலாம். நாங்கள் ரசீது, இறப்புச் சான்றிதழ், அடையாள ஆவணங்கள், உடன்பிறந்தோரின் ஒப்புதல் கடிதங்கள் ஆகியவற்றோடு அவ்வங்கிக் கிளைக்குச் சென்றோம். சில வாரங்களில் தொகை வந்தது. பெரிய தொகையன்று, எங்கள் ஒரு மாத மளிகைச் செலவைவிடச் சற்றே அதிகம். ஆயினும் அது தந்தையார் சேமித்தது. கத்தரிக்கோலுக்கும் அதற்கும் இடையே ஒரு மாலைப் பொழுதுதான் இருந்தது.

ஆகவே பெட்டியைத் திறக்கும் வாசகர்கள் முதலில் செய்யவேண்டியது ஒட்டுவதன்று, பிரிப்பது. வைப்பு ரசீது, பங்குச் சான்றிதழ், காப்பீட்டு ஆவணம், நிலப்பத்திரம் ஆகியவற்றைத் தனியே வையுங்கள். எவ்வளவு மங்கியிருந்தாலும் சரி, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. தொடர்ந்து ஏழாண்டுகள் ஈவுத்தொகை பெறப்படாத பங்குகளும் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படுகின்றன. அவற்றையும் திரும்பக் கோரலாம். பழைய காகிதச் சான்றிதழ் அதற்கு வழிகாட்டும் முதல் தடயம். கையெழுத்துள்ள யாவையும் இன்னொரு குவியல். 75 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள ஓலையோ கையெழுத்துப் படியோ பதிவேடோ கிடைத்தால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அதைத் தொல்பொருளாகவே கருதுகிறது என்பதை நினைவிற்கொள்வது நல்லது. வெட்டுவதற்கென்று எஞ்சுபவை, எங்கள் அனுபவத்தில், மிகச் சிலவே: நாட்காட்டித் தாள்கள், மளிகைப் பொட்டலக் காகிதங்கள், பயன்முடிந்த பயணச்சீட்டுகள், கட்டுக்கட்டாக ஒரே மாதிரி அச்சிட்டு மிஞ்சிப்போன அழைப்பிதழ்கள்.

ரூபாய் நோட்டைப் பற்றியும் ஒரு சொல். பழைய நோட்டு ஒன்றைப் பலகையில் வைத்தால் எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் நோட்டுகளை மாலையாகவோ அலங்காரமாகவோ பயன்படுத்த வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி பொதுமக்களைக் கேட்டுக்கொண்டுள்ளது. நகலெடுத்து ஒட்டலாமே என்றால் அதுவும் ஆகாது. நோட்டைப் போலத் தோன்றும் தாளை உருவாக்குவது சட்டப்படி தண்டனைக்குரியது. நாணயம் வேண்டுமென்று பேரப்பிள்ளைகள் அடம்பிடித்தால் செப்புத் தகட்டில் வட்டம் வெட்டிக் கொடுத்துவிடுகிறோம்.

சாங்கானேரின் தாள்

நகல் எடுப்பதென்று முடிவானபின், எதில் எடுப்பது என்ற கேள்வி எழுந்தது. இதற்கு விடை எங்கள் ஊரிலேயே இருந்தது. ஜெய்ப்பூர் விமான நிலையம் அமைந்துள்ள சாங்கானேர், அச்சுக்கட்டைத் துணிகளுக்குப் பெயர்பெற்ற அளவுக்குக் கையால் செய்யும் காகிதத்துக்கும் பெயர்பெற்றது. காகஸி என்பதையே குடும்பப் பெயராகக் கொண்ட கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கு இத்தொழிலைச் செய்துவருகின்றனர். மரம் அங்கு மூலப்பொருள் அன்று. தையல் ஆலைகளிலும் பின்னலாடை ஆலைகளிலும் விழும் பருத்தித் துணி வெட்டுகளே மூலப்பொருள்.

துணித் துண்டுகளைப் பொடியாக நறுக்கி, நீரோடு சுழலும் தொட்டியில் மணிக்கணக்கில் அரைத்துக் கூழாக்குகின்றனர். அந்தக் கூழ் கலந்த நீருக்குள் வலைச்சட்டத்தை அமிழ்த்தி, மட்டமாகத் தூக்கி, ஒரு குலுக்குக் குலுக்குகின்றனர். நீர் வடிய, இழைகள் ஒன்றோடொன்று பின்னி வலைமீது படிகின்றன. அதைத் துணிமீது கவிழ்த்து, அடுக்கி, அழுத்தியில் வைத்துப் பிழிந்து, கொடியில் உலர்த்துகின்றனர். அந்த ஒரு குலுக்கலில்தான் தாளின் தரம் இருக்கிறது என்று அங்கே ஒரு முதியவர் எங்களிடம் சொன்னார். நாங்களும் முயன்றோம். எங்கள் தாள் ஒரு மூலையில் அப்பளமாகவும் மறு மூலையில் அடையாகவும் வந்தது.

இவ்வூரில் இயங்கும் தேசியக் கைக்காகித நிறுவனத்துக்கு ஜே. சி. குமரப்பாவின் பெயரைச் சூட்டியிருப்பதைக் கண்டபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைப்பதற்கில்லை. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர் அவர். காந்தியடிகளின் விருப்பப்படி 1934இல் தோன்றிய அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தியவர். அச்சங்கம் மீட்டெடுக்க முனைந்த தொழில்களில் கைக்காகிதமும் ஒன்று.

துணியிலிருந்து பிறந்த தாளுக்கும் மரக்கூழிலிருந்து பிறந்த தாளுக்கும் வேறுபாடு என்ன? செய்தித்தாளை ஒரு வாரம் வெயிலில் போட்டுப் பாருங்கள். மரத்தில் உள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளி பட்டுப் பழுப்பேறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த தாள்கள் பலவற்றில் படிகாரமும் குங்கிலியமும் கலந்து மெருகேற்றினர். அந்தப் படிகாரத்தின் அமிலத் தன்மை காலப்போக்கில் தாளை நொறுங்கச் செய்கிறது. பருத்தித் தாள் அவ்வாறு எளிதில் நொறுங்குவதில்லை. பழமைத் தோற்றம் வேண்டுமாயின் பழைய தாளை எடுப்பதைவிட, நெடுங்காலம் நிற்கக்கூடிய புதிய தாளை எடுத்து முதுமையின் நிறம் ஊட்டுவதே அறிவுடைமை. இராஜஸ்தானத்துக் கடைகளில் பழைய முத்திரைத்தாள்மீது யானையும் ஒட்டகமும் வரைந்து விற்பதைச் சுற்றுலா வந்தோர் கண்டிருக்கலாம். ஓவியம் நன்றாகவே இருக்கும். ஆனால் அதன் அடியில் யாருடைய வழக்கு, யாருடைய நிலம் என்று எங்களுக்கு இப்போதெல்லாம் எண்ணம் ஓடுகிறது.

முதுமை ஊட்டுதல்

கடிதத்தை மொபைல் போனில் படமெடுத்தால் நிழல் விழும். ஸ்கேன் செய்யும் கடையில், 300 புள்ளி அடர்த்திக்குக் குறையாமல், இருபக்கமும் எடுக்கச் சொல்லுங்கள். இருபக்கமும் என்பதை அழுத்திச் சொல்கிறோம். அச்சிடுகையில் லேசர் அச்சுப்பொறியோ சாதாரண ஜெராக்ஸ் இயந்திரமோதான் வேண்டும். அவற்றின் கரித்தூள் சூட்டில் தாளோடு உருகி ஒட்டுவதால் தண்ணீருக்கு அசையாது. இங்க்ஜெட் அச்சுகள் பெரும்பாலும் தேநீரில் இட்டவுடன் அழத்தொடங்கிவிடும்.

ஒரு குவளைத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டித் தேயிலைத்தூள் இட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறவிடுங்கள். அகன்ற தட்டில் ஊற்றித் தாளை ஐந்து முதல் பத்து நிமிடம் கிடத்துங்கள். கைக்காகிதம் மெத்தென்றிருந்தால் முழுக்க அமிழ்த்தாமல் பஞ்சால் ஒற்றுவது போதும். இல்லையேல் சாங்கானேரில் பட்ட பாடெல்லாம் மீண்டும் கூழாகிவிடும். எடுத்துக் காடாத் துணிமீது உலர்த்தி, சற்றே ஈரம் இருக்கும்போது துணி மூடி இஸ்திரி போடலாம். காப்பித்தூளை விரல்நுனியில் எடுத்து ஆங்காங்கே தூவி நீர் தெளித்தால் பெட்டியில் கிடந்த தாளின் புள்ளிகள் அப்படியே வரும். தேநீரிலும் சிறிது அமிலம் உண்டு. அதனால்தான் இந்தச் சடங்கெல்லாம் நகலுக்கு மட்டும்.

விளிம்பைத் தீயில் கருக்குவோர் உண்டு. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. கரி உதிர்ந்து மற்ற அடுக்குகளை அழுக்காக்கும். சமையலறையில் ஆபத்தும் கூட. அளவுகோலை வைத்து, நனைத்த தூரிகையால் ஒரு கோடு இழுத்து, அக்கோட்டின் வழியே மெல்லக் கிழித்தால், கைக்காகிதத்தின் இயல்பான பிசிர் விளிம்பு வந்துவிடும்.

அடுக்குகள்

அடித்தளத்துக்கு 3 மில்லிமீட்டர் பைண்டிங் அட்டை. முன்பக்கம் தாள் ஒட்டும்போது பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டவேண்டும். இல்லாவிடில் உலரும் தாள் அட்டையைத் தன் பக்கம் இழுத்து வில்லாக வளைத்துவிடும். இதை அறியாமல் நாங்கள் செய்த இரண்டாவது பலகையை எங்கள் பேத்தி படகு என்று அழைக்கிறாள்.

முதல் அடுக்கு மேடுபள்ளம் தருவது. பொருள் பெட்டிகளின் நெளி அட்டையை எடுத்து, மேல் தாளை மட்டும் நனைத்து ஒழுங்கின்றி உரித்தால், பாதி வழவழப்பும் பாதி வரிவரியுமாக, பழைய தகரக் கதவின் முகம் கிடைக்கும். கசக்கிப் பிரித்த டிஷ்யூ தாளைப் பசைமீது பரப்பினால் சுருங்கிய தோல். மருந்துக்கடைப் பேண்டேஜ் துணியைப் பசையில் தோய்த்து இழுத்து ஒட்டினால் நைந்த சாக்கு. மூன்றையும் ஒரே பலகையில் திணிக்கவேண்டாம். ஒன்று போதும், மீறினால் இரண்டு.

அதன்மேல் சாந்து. சாக்பீஸ் தூள் இரண்டு பங்கு, வெள்ளைப் பசை ஒரு பங்கு, வெள்ளை அக்ரிலிக் வண்ணம் சிறிது. இட்லிமாவினும் கெட்டியாகக் குழைக்க வேண்டும். பழைய அட்டைத் துண்டால் மெல்லிதாக இழுத்து, அரை ஈரத்தில் இருக்கும்போது, சாங்கானேர் அச்சுக்கட்டை ஒன்றை மெல்லிய பிளாஸ்டிக் தாள் இடையிட்டு அழுத்தி எடுத்தால், பூவும் கொடியும் புடைப்பாகப் பதியும். சந்தையில் முனை உடைந்து ஒதுக்கப்பட்ட கட்டைகள் மலிவாகக் கிடைக்கின்றன. அந்த உடைசலே பதிவுக்கு வயதைத் தருகிறது. கட்டை கிடைக்காத ஊரில் முறுக்கு அச்சுத் தட்டும் கரண்டியின் பிடியும் லேஸ் துண்டும் போதுமானவை. ஓரிரவு காயட்டும். முழுதும் காயாத சாந்தின்மேல் வண்ணம் பூசினால் மறுநாள் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பே வேண்டுமென்பவர் வேண்டுமென்றே அவ்வாறு செய்யலாம். எங்கே வெடிக்கும் என்பது மட்டும் நம் கையில் இல்லை.

இனி எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி, உரிந்த வண்ணம். முதலில் அடர்ந்த பழுப்பு நிற அக்ரிலிக் வண்ணம் பூசி நன்கு உலர்த்துங்கள். வீட்டில் இருக்கும் மெழுகுவத்தியை எடுத்து, கதவாயின் கைபட்டுத் தேயக்கூடிய இடங்கள் எவையோ அங்கெல்லாம், விளிம்புகளிலும் மேடுகளிலும், தேய்த்துவிடுங்கள். அதன்மேல் வெளிறிய நீலமோ பச்சையோ பூசுங்கள். உலர்ந்தபின் மழுங்கிய கத்தியால் மெல்லச் சுரண்டினால், மெழுகு பட்ட இடத்தில் மேல்வண்ணம் பிடிப்பின்றிப் பொருக்காகப் பெயரும். அடியிலிருந்து பழுப்பு எட்டிப் பார்க்கும். பிறகு உப்புத்தாளால் ஒருமுறை தடவி, நீர்த்த பழுப்பு வண்ணத்தைப் பூசி, உடனே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். மேட்டில் பூசியது துணியோடு வந்துவிடும். பள்ளத்தில் பூசியது தங்கும். கோயில் தூண் சிற்பத்தின் மடிப்புகளில் காலம் காலமாக எண்ணெய்ப் பிசுக்கு படிவதும் இப்படித்தான்.

இதற்குப் பின்னரே கடித நகல் ஏறுகிறது. முழுத்தாளாக அன்று, எந்த வரி தெரியவேண்டுமோ அதைச் சுற்றிக் கிழித்த துண்டாக. இந்த அடுக்குக்கு நாங்கள் மைதாப் பசையோ சவ்வரிசிக் கஞ்சியோதான் பயன்படுத்துகிறோம். மனம் மாறினால் ஈரம் காட்டி எடுத்துவிடலாம் என்பது ஒரு காரணம். பழைய பைண்டர்கள் பூச்சிக்குப் பயந்து மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். கலக்காவிட்டால் இராமபாணப் பூச்சி வருமே என்றால், பசையை மெல்லிதாகத் தடவி, முற்றும் உலர்த்தி, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைப்பதே மாற்று. கண்ணாடி படைப்பின்மேல் ஒட்டாதபடி உட்புறம் நான்கு பக்கமும் மெல்லிய கட்டைத் துண்டுகள் கொடுக்கவேண்டும். மழைக்காலத்து ஈரம் கண்ணாடியில் கோக்கும்போது தாள் அதில் படக்கூடாது.

கடைசியாக மேலே வைக்கும் பொருள்கள். அரசிலையை மூன்று நான்கு வாரம் நீரில் ஊறப்போட்டு, அவ்வப்போது நீர் மாற்றி, மெல்லிய தூரிகையால் சதையை வருடி எடுத்தால் நரம்பு வலை மட்டும் எஞ்சும். நாற்றம் சகிக்கவேண்டும்; மாடியின் மூலை உத்தமம். பொத்தான், பூட்டில்லாத சாவி, சரிகைத் துண்டு எனத் தேர்ந்தெடுத்த ஒன்றிரண்டு போதும். எங்கள் முதல் பலகையில் பதினொன்று இருந்தன. எண்ணிப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

விரலின் பார்வை

எப்போது நிறுத்துவது என்பதுதான் இக்கலையில் கடினமானது. இதற்கு எங்களுக்கு உதவியது சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றி அறிந்தது. 1904இல் பிறந்த அவருக்குப் பிறவியிலேயே பார்வை குறைவு. 1950களின் பிற்பகுதியில் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் முற்றிலும் பார்வையிழந்தார். அதன்பின் அவர் ஓய்ந்துவிடவில்லை. வண்ணத் தாள்களை வெட்டி, விரலால் தடவி இடம் பார்த்து ஒட்டிப் படங்கள் செய்தார். அவரிடம் பயின்ற சத்யஜித் ராய் அவரைப் பற்றி 1972இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார்.

ஒவ்வோர் அடுக்கும் உலர்ந்தபின் கண்ணை மூடிக்கொண்டு பலகையைத் தடவிப் பார்ப்பது எங்கள் வழக்கமாயிற்று. விரலுக்கு எங்கும் ஒரே சொரசொரப்பாகத் தெரிந்தால் அடுக்குகள் மிகுந்துவிட்டன என்று பொருள். சொரசொரப்புக்கு அருகே ஒரு வழவழப்பு வேண்டும். நெருக்கத்துக்கு அருகே ஒரு வெற்றிடம் வேண்டும். எங்கள் பலகைகளில் இப்போது மூன்றில் ஒரு பங்கு வெறும் வண்ணமாகவே இருக்கிறது. வெறும் இடத்தை விட்டுவைக்கும் துணிவு எங்களுக்கு வர ஆறு பலகைகள் ஆயின.

அத்தையின் வருகை

கூடத்தில் தொங்குவது ஏழாவது பலகை. அதில் உள்ள வரிகள் தாத்தாவின் கடிதத்து நகல். வலது கீழ்மூலையில், நீல வண்ணம் உரிந்த இடத்தில், சற்றே பெரிதாக்கிய ஒரு சொல் தனியே நிற்கிறது. பசைப் படலத்தின் வழியே எங்களுக்குக் கிடைத்த அந்தச் சொல்: 'சௌக்கியமா'. ககரத்தின் கால் சற்று நீண்டு, மகரம் சாய்ந்து, யாரோ கைபிடித்து நிறுத்தி வைத்தாற்போல் இருக்கிறது. மீதமிருந்த அசல் துண்டை, அமிலமற்ற தாளில் சுற்றி, உறையிலிட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறோம். பலகையின் பின்புறத்தில் ஒரு சீட்டு ஒட்டியுள்ளது. யாருடைய கடிதம், எந்த ஆண்டு, இருபக்க நகலும் எந்தக் கோப்பில் உள்ளது, அசல் எங்கே இருக்கிறது என்பன அதில் எழுதியுள்ளோம். எங்களுக்குப் பின் எவரேனும் இதைக் கழற்றும்போது எங்களைப்போல் விழிக்க வேண்டாம் அல்லவா?

சென்ற ஆண்டு அத்தை மீண்டும் வந்தார். பலகையைச் சுவரிலிருந்து எடுத்து அவர் மடியில் வைத்தோம். கண் மங்கியிருப்பதால் கண்ணாடிக்கு மிக அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். சாவியையோ அரசிலையையோ அவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. மூலையில் இருந்த சொல்லின்மேல் விரலை வைத்து, எழுதும் வரிசையிலேயே ஓட்டினார். பிறகு சட்டத்தைத் திருப்பினார். பின்புறச் சீட்டை எங்களிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும், "அந்தப் பெட்டிச் சாவியை எடுத்துட்டு வாங்க, மத்த கடுதாசியையும் பார்த்துடலாம்" என்றார்.

அன்றிரவு பதினான்கு கடிதங்களின் பின்பக்கங்களைப் பார்த்து முடித்தோம். இன்னும் ஒரு கட்டு இருக்கிறது.